லாக்கில் இல்லாத ஒன்பது நொடிகள்

பெயரும் முகவரியும் மேலே குறித்துக்கொண்டபடி. வயது முப்பத்தொன்பது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு ஆண்டுகளாக ஜாவா புரோகிராமராக வேலை செய்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

எங்கள் மென்பொருள் தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் லாக் என்ற பதிவில் ஒரு வரியாக எழுதும். எல்லாம் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று சென்ற மாதம் மேலாளர் கடிந்துகொண்டதன் பேரில், லாக் எழுதும் மூன்று முறைகளைச் சோதித்தேன். லட்சம் வரிகளைத் திரையில் எழுதப் பதினோரு நொடி, ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் கோப்பில் எழுத ஏழு நொடி, நினைவகத்தில் சேர்த்துவைத்து நிரம்பியபின் மொத்தமாகக் கோப்பில் கொட்ட அரை நொடிகூட ஆகவில்லை. அதன் பின்பு மூன்றாவதையே வைத்தேன். சேர்த்துவைக்கும் இடத்தையும் நானே பெரிதாக்கினேன். மேலாளர், "பறக்குதேப்பா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பின்பு கடந்த செவ்வாய் காலை 10.42க்கு மின்சாரம் போய் சர்வர் நின்றது. அப்போது அழைப்பில் இருந்த அக்கா (மையத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்), மூச்சுத்திணறிய ஒருவருக்கு வண்டி அனுப்பும் பொத்தானை அமுக்கியதாகவும், 'ஏற்கப்பட்டது' என்று திரையில் வந்ததாகவும் சொன்னார். வண்டி போகவில்லை. நோயாளி இறந்துவிட்டார். லாக்கில் வரி இல்லாததால், அக்கா அமுக்கவே இல்லை என்று மையம் போலீசில் புகார் கொடுத்தது.

அதன் பின்பு வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்து, "நான் அமுக்கினேன்டா தம்பி, நீயாவது நம்புடா" என்றார். நான், "லாக் பொய் சொல்லாதுக்கா" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அதன் பின்பு மறுநாள் கோப்பைத் திரும்பவும் பார்த்தேன். நொடிக்கு இருபது வரி விழும் இடத்தில், மின்சாரம் போவதற்கு முந்தைய ஒன்பது நொடிகளில் ஒரு வரிகூட இல்லை. அக்காவுடையது மட்டுமல்ல, அறையில் இருந்த பதினான்கு பேரில் எவருடையதும் இல்லை. சோதனை சர்வரில் அதே முறையை ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். நினைவகத்தில் காத்திருந்த வரிகள் அத்தனையும் போய்விட்டன. அக்கா அமுக்கியது வண்டிக்குப் போய்ச் சேருமுன்பே சர்வர் நின்றிருக்க வேண்டும். மேலாளர், "வாயக் குடுத்து மாட்டிக்காதப்பா" என்றார். செவ்வாய்க்கிழமை லாக், சோதனை லாக் ஆகிய இரண்டு கோப்புகளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்த வரியைத் தொலைத்தவன் நான், அக்கா அல்ல.

இந்த வாக்குமூலத்தை எழுதும் நிலைய எழுத்தர் ஐயா முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம், சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். எந்த வரியும் விடுபடவில்லை.

(ஒப்பம்)