குசினியில இருந்து வாற வண்டி

இல்ல தம்பி, அழிக்கிறது எண்டா போன்ல கையே வைக்கவேணாம். டிஸ்பிளே போனா போகட்டும், பட்டறி போனா போகட்டும், போட்டோ பாட்டு ஒண்டும் எனக்குத் தேவயில்ல. உள்ளுக்க இரிக்கிற அந்தக் கேம் மட்டும் வேணும். ஓம், கேம்தான். சிரிங்க, பரவால்ல. தாடி நரச்ச மனிசன் பாலாவியில இருந்து பஸ் ஏறி வந்து, கேமக் காப்பாத்தித் தாங்க எண்டு நிண்டா நானும் சிரிப்பன்.

விழுந்தது இறால் பண்ணையில. நான் அங்க நைட் வோச்சர். குளத்துக்குக் காத்து அடிக்கிற சக்கரம் இரிக்கே, அது நிண்டா இறால் எல்லாம் மூச்சு முட்டி மேல வந்து மிதக்கும். முந்தாநாள் அது நிண்டுட்டு. குனிஞ்சு வயர ஆட்டினன், சட்டப் பையில இருந்தது குளத்துக்க. உப்புத் தண்ணிதான், ஓம். அரிசிக்குள்ள போட்டு வைக்கச் சொன்னாங்க, வச்சன். அரிசிதான் பழுதாப் போச்சி.

ஜிமெயில் ஒண்டும் குடுக்கல்ல. சும்மா கெஸ்ட் எண்டு உள்ளுக்க போனது. போன் இருந்தா கேம்ல ஊர் இரிக்கி, போன் போனா ஊரே போச்சி, அது எனக்கும் விளங்குது. மகன்ட்டக் கேக்கவா? என்ட மகண்ட போன்தான், ஓம். ஆனா அவன்ட்ட இப்ப கேக்க ஏலாது. அவன் தூரத்தில. நீங்க போனத் தொறந்து பாருங்க தம்பி, நான் இந்தக் கதிரையில இருந்துக்கிறன்.

இந்தக் கேம் ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு ஊர் தருவான். மரம், கல்லு, இரும்பு, கோதும. நாலும் தன்பாட்டுக்கு விளையும், நீங்க தூங்கினாலும் விளையும். ஆனா களஞ்சியம் நிறஞ்சா அவ்வளவுதான், பொறகு வாறதெல்லாம் மண்ணுக்கு. அதால கணக்குப் போட்டு ஆடோணும். மரத்த எங்க கரைக்கிற, இரும்ப எதுக்கு மிச்சம் பிடிக்கிற, எந்த வேலயப் போட்டுட்டுப் படுத்தா எழும்பக்குள்ள முடியும், எல்லாம் கணக்கு. சிப்பாய்மாருக்குச் சாப்பாடு வேணும். கோதும இல்லாட்டி விட்டுட்டுப் போயிருவானுகள். அதால எவனும் மொதல்ல வயலத்தான் ஒசத்துவான். புத்தியுள்ளவன் அப்பிடித்தான் செய்வான். நான் ஒசத்தல்ல. ஏன் எண்டு சொல்லுறன், நீங்க வேலயப் பாருங்க.

என்ட மகன் ஸுஹைப். அவன்தான் அவண்ட உம்மாக்கும் ஒரு ஊர் தொறந்து குடுத்தான், அவட போன்ல. பகிடிக்கு. பேர் என்ன வச்சான் தெரியுமா? உம்மாட குசினி, அவ அடுப்படிய விட்டு வெளிய வராதவ எண்டு. அஸ்ரியாக்கு, என்ட பொஞ்சாதிக்கு, சண்டயே புடிக்காது. மதில் இல்ல, சிப்பாய் இல்ல. வயல், வயல், வயல். ஊர் முழுக்கக் கோதும. அத வண்டியில ஏத்தி மகண்ட ஊருக்கு அனுப்புவா. ஒருக்கா ஆரோ ஒருத்தன் வந்து அவட ஊரச் சொரண்டிக்கிட்டுப் போயிட்டான். இவ என்ன செஞ்சா? அவனுக்குத் தமிழ்ல எழுதுறா, மகன், கேட்டிருந்தா தந்திருப்பன்தானே எண்டு! ரஷ்யாக்காரனோ ஆரோ, என்னத்த விளங்கினானோ அல்லாஹ்தான் அறிவான். ஸுஹைப் விழுந்து விழுந்து சிரிச்சான்.

பொறகு அவன் வெளிக்கிட்டான். ஓம், களவாக் கடல் தாண்டுற போட்டிலதான். றீயூனியன் எண்டு ஒரு தீவாம். இஞ்ச இருந்து அவன் என்னத்தச் செய்யிற, பண்ணையில இறாலுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டா? போன் கொண்டுவரக் கூடாது எண்டு தரகன் சொல்லிரிக்கான். போற அண்டைக்குப் பண்ணைக்கு வந்து என்ட கையில தந்தான். வாப்பா, ஊர விட்டுராதீங்க, பாக்க ஆளில்லாட்டி சுத்தி இரிக்கிறவன் தின்னுருவான் எண்டான். நான் என்னத்தக் கண்டன். தடவித் தடவிப் படிச்சன். உம்மாக்கு அது தெரியாது. புள்ள போனக் கொண்டு போயிட்டான் எண்டுதான் அவட நெனப்பு.

போய் ஒரு கிழமையா அவன்ட கதையே இல்ல. அவ சோறு தின்னல்ல. நான் பண்ணையில இருந்துக்கிட்டு, சும்மா படிக்கிறதுக்கு, மகண்ட ஊர்ல ஒரு மதில ஒசத்தினன். காலைல வீட்ட வந்தா வாசல்ல நிக்கிறா, போன நீட்டிக்கிட்டு. இஞ்ச பாருங்க, புள்ள போய்ச் சேந்திட்டான், ஆடுறான், பச்சப் புள்ளி எரியிது எண்டு. அண்டைக்கு அவ பாண் தின்னா தம்பி, கட்டச் சம்பலோட. நான் என்னத்தச் சொல்லுற? நீங்க எண்டா சொல்லுவீங்களா?

என்ன, உள்ளுக்க தகடெல்லாம் பச்ச பிடிச்சிரிக்கா? சொரண்டி எடுக்க ஏலாதா? பாருங்க, பாருங்க. அவசரம் இல்ல. இல்ல, அவசரம்தான்.

அதுக்குப் பொறகுதான் என்ட கணக்கே மாறினது. இப்ப யோசிச்சுப் பாருங்க, நான் மகண்ட ஊர்ல வயல ஒசத்தினா அவட கோதும எதுக்கு? களஞ்சியம் நிறஞ்சிருக்கக்குள்ள வண்டி வந்தா எல்லாம் கொட்டுப்படும். கொட்டுப்பட்டா அவட போனுக்கு அறிவிப்புப் போகும். அதால வயலக் கீழயே வச்சிரிக்கன், ஊர் பசியில இரிக்கட்டும் எண்டு. தேவயில்லாத சிப்பாயெல்லாம் எடுப்பன், இருந்து தின்னட்டும். சண்டைக்கு அனுப்ப மாட்டன், ஆள் செத்தா சாப்பாடு மிஞ்சும். அப்பிடியும் அவ அனுப்புறது கூடத்தான், மனிசி அள்ளி அள்ளி ஏத்துவா. மிச்சத்த நான் நாளாந்தம் புதுசா ஆள் எடுத்துக் கரைக்கோணும். பின்னேரம் அஸர் தொழுதிட்டு வண்டி விடுவா, பொழுதுபட மஹ்ரிபுக்கு முந்தி வந்து சேரும். அந்த நேரம் உள்ளுக்க எடம் இரிக்கோணும். மத்தவனெல்லாம் நிறைக்கிறதுக்கு ஆடுவான் தம்பி. நான் எடம் வைக்கிறதுக்கு ஆடுறன்.

அதுவும் மகன் ஆடுற மாதிரியே பிழையா ஆடோணும். அவனுக்கு இரும்பு மிச்சம் பிடிக்கத் தெரியாது, கண்ட கண்ட எடத்தில மதில் கட்டுவான். ஒருக்கா நான் மறந்துபோய் எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சிட்டன். அவ சொல்லுறா, புள்ளைக்கு அங்க புத்தி வந்திரிக்கி, ஆரோ ஒருத்தி வாச்சிரிக்கா போல எண்டு. வெக்கத்தோட சிரிக்கிறா வேற. மருமகளுக்கு என்ன பேரோ எண்டு யோசிக்கிறா. அண்டைக்கே போய் ஒண்டுக்கும் ஒதவாத மதில் ஒண்டு கட்டிவிட்டன்.

சாப்பிட்டியா மகன் எண்டு கேமுக்குள்ள எழுதுவா. நான் பெருவிரல் படத்த மட்டும் அமத்துவன். எழுதினா என்ட தமிழ் தெரிஞ்சிரும்தானே. அவனுக்கு வேல, கதைக்க நேரமில்ல எண்டு அவளே சொல்லிக்குவா, எனக்கும் சொல்லுவா. நான் ஓம் எண்டுவன்.

இப்ப போன் இப்பிடிக் கெடக்கு. வண்டி நிக்கல்லதானே. நேத்துக் களஞ்சியம் நிறஞ்சிட்டு, நேத்து வந்தது அவ்வளவும் கொட்டுப்பட்டிட்டு. இண்டைக்குக் காலைல வீட்ட போனா, சுபஹு தொழுத பாயிலயே இருக்கா. புள்ள கோதும எடுக்கல்ல, பச்சப் புள்ளியும் இல்ல எண்டா. தேத்தண்ணி ஆறிப்போய்ப் பக்கத்தில இரிக்கி. நான் சட்டயயும் மாத்தல்ல, அப்பிடியே பஸ் ஏறிட்டன். ரெண்டு கடையில ஏலாது எண்டு திருப்பிட்டாங்க, மூணாவது நீங்க.

திரும்பவும் அதையே கேக்கிறீங்க. விளங்குது தம்பி. பேஸ்புக்கோடயோ எதோடயோ மகன் இணச்சு வச்சிரிந்தா வேற போன்ல எடுக்கலாம், அவன்ட்ட ஒரு சொல்லுக் கேட்டாப் போதும். சரிதான். ஆனா அவன் றீயூனியனுக்குப் போகல்ல. மன்னார்ல இரிக்கான். சின்ன போட்டில இருந்து பெரிய போட்டுக்கு ஏறக்குள்ள விழுந்தவனாம், மத்தவங்க ஏறிப் போயிட்டாங்க. கடல் அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒதுக்கிட்டு. அவ பாண் தின்னாளே, அதுக்கு அடுத்த நாள்தான் தரகன்ட ஆள் எனக்குக் கோல் எடுத்துச் சொன்னான். இறால் குஞ்சு ஏத்தப் போறன் எண்டு வீட்டில சொல்லிட்டுப் போனன். முகம் பாக்க ஏலாது. எடது காலில சின்ன விரல் இல்ல, பண்ணைச் சக்கரத்தில போனது, அத வச்சுத்தான் அடையாளம் சொன்னன். அந்த ஊர் ஆக்கள்தான் சந்தூக்குப் பெட்டியத் தூக்கினாங்க, நல்ல மனிசர். மூணு பிடி மண் நான் போட்டன். அடக்கினது மையவாடியில மதில் ஓரம், வேப்ப மரத்துக்குக் கீழ. அவன்ட பேருக்குக் கத்தம் ஓதல்ல. ஓதினா சோறு ஆக்கோணும், சோறு ஆக்கினா ஆருக்கு எண்டு கேப்பா. திரும்பி வந்து வீட்ட ஏறக்குள்ள அவ குந்திக்கிட்டு வண்டி ஏத்துறா. புள்ளைக்கு இண்டைக்குக் கொஞ்சம் கூட அனுப்புறன் எண்டா.

ஏலாதா? ஒண்டுமே ஏலாதா?

சரி. நீங்க என்ன செய்யிற, உப்புத் தண்ணிதானே. அந்தத் திருகாணிய மட்டும் பூட்டித் தாங்க, அவன் தந்த மாதிரியே இரிக்கட்டும்.

பாங்கு சொல்லுறாங்க, அஸரா? அப்ப அவ பாய விரிச்சிருப்பா. தொழுதிட்டு வண்டிய விடுவா.