செக்ரோல் நம்பர் 217

ஹட்டனில் கணினிகள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் கரப்பான்பூச்சி. ஈரம் இரண்டாவதுதான். இந்தக் குளிரில் பூச்சிக்கும் சூடு வேண்டுமே, நேராகப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. உங்கள் மேசைக் கணினி போடும் சத்தத்தைப் பார்த்தால் உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கும்போலத் தெரிகிறது, ஐயா. விசாரணை முடிந்ததும் திறந்து துடைத்துத் தருகிறேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள், ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் முத்துலிங்கம். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். 2007இல் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை. கீழே இன்டர்நெட் கடை, மேலே தோட்டப் பெண்களுக்காக நடந்த ஒரு நிறுவனம். இரண்டுக்கும் ஒரே வலையமைப்பு. அந்த வயர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

மேலே சிவகௌரி மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரி, நல்ல மனது. தோட்டத்தில் மேலாட்கள் தொல்லை கொடுத்தால் பெண்கள் முறையிடுவதற்காக ஒரு இணையத்தளம் செய்துகொண்டிருந்தார். செய்து முடியாத தளத்தை முதலில் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அப்படி ஓட்டுகிற சோதனை சேர்வர் அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கவேண்டும். ஒருநாள் பக்கத்து அறையில் நடந்த கூட்டத்துக்குக் காட்டுவதற்காக, மிஸ் அதை வலையமைப்பு முழுவதற்கும் திறந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் மூட மறந்துவிட்டார். கடவுச்சொல்லும் கிடையாது. கீழே கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வந்தவன்கூட முகவரியாக நாலு எண்ணைத் தட்டினால் உள்ளே போகலாம். அதோடு, சோதனைக்குப் பொய் விபரம் எதையாவது போடாமல், பெண்கள் சொன்ன உண்மையான முறைப்பாடுகளையே போட்டிருந்தார். மொத்தம் நாற்பத்தொன்று.

நான் முறைப்படி போய்ச் சொன்னேன். கடைக் கணினியில் திறந்தும் காட்டினேன்.

"தம்பி, இது இன்னும் செய்து முடியேல்லை. ஆர் வந்து பாக்கப்போகினம்? பாத்தாலும் ஒருத்தற்ற பேரும் இல்லை, வெறும் நம்பர்தானே" என்று மிஸ் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அந்த நம்பர்தான் விஷயம். தோட்டத்துப் பெயர்ப் பதிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. ஒரே தோட்டத்தில் ஐந்து ராசம்மா இருப்பார்கள், 217 ஒருவர்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெயரை யார் கேட்கிறார்கள்? அந்தப் பழக்கத்தில் பெண்கள் முறைப்பாடு சொல்ல வந்து உட்கார்ந்ததும் முதலில் நம்பரைத்தான் சொன்னார்கள். "பேரு வேணாங்க மிஸ், பயமா இருக்கு. நம்பர மட்டும் போட்டுக்கங்க" என்று ராசம்மாக்கா சொன்னபோது நான் பக்கத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அவரை எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் குடியிருந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுவதும் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தவர். புதிதாக வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள்மீது கந்தப்பன் கங்காணி கை வைக்கிறார் என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கந்தப்பன் கங்காணிக்குத் தபாலில் அனுப்பினேன்.

நாற்பத்தொன்றில் அதை ஏன் எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மற்றத் தோட்டங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சோதனை என்றால் முடிவு தெரியவேண்டும். கந்தப்பன் கங்காணியின் கோபத்தை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன். சும்மா இருக்கிற கங்காணிக்கு அனுப்பியிருந்தால் மிஸ் இன்னொரு தடவை சிரித்திருப்பார்.

காகிதத்தின் அடியில் சேர்வரின் முகவரியும் திகதியும் தானாகவே அச்சாகும். அதை எடுத்துவிட எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. அத்தாட்சி வேண்டுமே. போன மாதம் வேறொரு பிள்ளையின் விஷயமாக நீங்கள் கங்காணி வீட்டைச் சோதித்தபோது அந்த வரிதானே உங்களை என்னிடம் கொண்டுவந்தது. இரண்டு வருடமாக அதைப் பெட்டியில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

தபால் கிடைத்த மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, கங்காணி அந்த முறைப்பாட்டை உரக்க வாசித்தாராம். "எரநூத்திப் பதினேழு, கொஞ்சம் முன்னுக்கு வாங்க. ஒங்க கதைய எல்லாருந்தான் கேக்கட்டுமே" என்றாராம். அன்று பின்னேரம் ராசம்மாக்கா மேல்மலைச் சரிவில் கால் தவறி விழுந்து செத்துப்போனதாகச் சொன்னார்கள். முப்பது வருடம் ஏறி இறங்கிய சரிவு. பக்கத்தில் நின்றது கங்காணி மட்டும்.

மரண வீட்டுக்கு நானும் போனேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அழுதேன், அது பொய்யில்லை.

அடுத்த நாள் மிஸ் என் மேசைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. யாரோ கடைக்கு வந்தவன் பார்த்துவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார். "தம்பி, நீர் சொன்னீர். நான்தான் கேக்கேல்லை" என்றார். ஒளிக்காமல் சொல்கிறேன் ஐயா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கே சேர்வரை என் பொறுப்பில் விட்டார். நான் அதை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி மூடினேன், கடவுச்சொல் போட்டேன். இரண்டு வருடமாக ஒருவரும் உள்ளே நுழைந்ததில்லை. நீங்கள் ஒரு பெண்ணைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற நாற்பது பேரும் என்னால் பத்திரமாக இருக்கிறார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லா? 217. விசேஷ காரணம் எதுவும் இல்லை, மறந்துபோகாமல் இருக்கட்டும் என்றுதான். யாருக்கும் பிடிபடாது, ஐயா. வெறும் நம்பர்தானே.