காலாவதி நேரம்

எனக்கு அரைகுறை வேலை ஆகாது. தட்டுக் கழுவினாலும் அடிப்பக்கத்தையும் தேய்த்துத்தான் கவிழ்ப்பேன். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. நோயாளிகளின் விவரம் இருக்கும் பெரிய டேட்டாபேஸ் ஆமை வேகத்தில் நகரும். அதனால் அதன் முன்னால், தகவலின் நகலை வைத்துக்கொண்டு சட்டென்று தரும் ஒரு சின்ன கேஷ் சர்வர் வைத்து, அதில் தகவலைப் போடவும் எடுக்கவும் எளிய வெப் ஏபிஐ எழுதினேன். நோயாளி எண்தான் சாவி. அதைக் கொடுத்தால், எந்த மருந்து அவருக்கு ஆகாது என்பது உடனே வார்டு திரையில் வரும். நகல் பழசாகிவிடக் கூடாதே என்று, ஒரு மணி நேரத்தில் தானாக அழியும்படி காலாவதியும் வைத்தேன்.

எங்கள் மேலாளருக்குப் பொறுமை கிடையாது. புயல் என்று பட்டப்பெயர்.

"அழிஞ்சு அழிஞ்சு மறுபடி எடுக்குறதுலதான்பா லேட்டாகுது. காலாவதியைத் தூக்கிடு. நாளைக்கு டைரக்டர் பார்க்க வர்றாரு."

"பழைய தகவல் அப்படியே நின்னுடும் சார்."

"எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று அவரே அதை நீக்கினார்.

அந்த வாரம்தான் அக்கா காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் எங்கள் மருத்துவமனையிலேயே வந்து படுத்தாள். ஓர் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் காலையில் பதிந்தார். டேட்டாபேஸில் ஏறியது. வார்டு திரை மட்டும் பழைய நகலைப் பார்த்து 'ஒவ்வாமை இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாலையில் நர்ஸ் அதை நம்பி மறுபடியும் அதே ஊசியைப் போட்டாள். அக்கா போய்விட்டாள். விசாரணையில் புயல் நர்ஸின் தலையில் பழியைக் கட்டிவிட்டுக் கை கழுவினார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

பிறகு பித்தப்பைக் கல் அறுவைக்குப் புயலே வந்து படுத்தார். அவருக்குப் பென்சிலின் ஆகாது, அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கப் போனேன்.

"உன் சிஸ்டம் இருக்குறப்போ எனக்கென்னப்பா பயம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மயக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை, திரையைத்தான் பார்ப்பார்கள். மேசைக்குத் திரும்பி, அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும் நேரம் பார்த்து, அவர் எண்ணுக்கான நகலில் 'ஒவ்வாமை இல்லை' என்று ஏபிஐ வழியாக எழுதினேன். சரி என்று சர்வர் பதில் சொன்னது.

இந்த முறையும் ஒரு நர்ஸைத்தான் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், விட்டுவிடுங்கள். திரையில் இருந்ததைப் படித்துத்தான் அவள் பென்சிலின் போட்டாள். அவரைக் கொன்றது நான்.

சர்வரில் தேடியும் அந்தப் பொய் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. ஒரு மணி நேரக் காலாவதி வைத்துத்தான் எழுதினேன். தப்பான தகவலை அப்படியே விட்டுவிட்டுப் போக, நான் என்ன பொறுப்பில்லாதவனா?