மங்கியதையும் மறைக்காமல் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் மேடத்தின் கணவரே, அவர் மகளே, அவரோடு வானம் பார்த்த தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வானாய்வுக்கூடத்தின் ஒளி அளவீட்டுப் பிரிவுத் தலைவிக்கு நாம் வைத்த பெயர் "மறுபடி மேடம்". அது அவருக்கும் தெரியும்! எந்த அளவைக் காட்டினாலும் "மறுபடி எடுங்க" என்பார்.

செயற்கைக்கோள்கள் கூட்டம் கூட்டமாக மேலே போகத் தொடங்கிய காலம். நம் வான்படங்களில் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடின. மங்கலான விண்மீன்கள் அவற்றில் காணாமல் போயின. அந்தி வேளையில் தொலைநோக்கியைத் திருப்பி, அந்தச் செயற்கைக்கோள்களின் பிரகாசத்தை அளந்து வெளியிட்டவர் மேடம். அவற்றை அனுப்பிய நிறுவனம் ஒப்புக்கொண்டதா? இல்லை! கூட்டிச் சொல்கிறார் என்றது.

பிறகு கரும்பூச்சு பூசிய செயற்கைக்கோள்களை அனுப்பியது. அளந்தோம். பிரகாசம் குறைந்திருந்தது, ஆனால் போதாது. இருண்ட வானத்துக்காகப் போராடும் நண்பர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், இப்பப் போய் குறைஞ்சிருக்குன்னு சொன்னா நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்ட மாதிரி. கொஞ்ச நாள் கிடப்புல போடுங்க."

"குறைஞ்சா குறைஞ்சுதுன்னு சொல்லணும். இல்லேன்னா, நாளைக்குக் கூடியிருக்குன்னு சொல்றப்ப யாரு காது கொடுப்பாங்க?"

வெளியிட்டார். சொந்த நண்பர்களே முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர் அசைந்தாரா?

அடுத்து வந்தவை அளவில் பெரியவை, முன்னைவிடப் பளிச்சென்றவை. அதையும் சொன்னார். இம்முறை நிறுவனத்தின் பொறியாளரே வந்து நின்றார். "நல்லதையும் சொன்னவங்க நீங்க, அதான் நம்பி வந்திருக்கேன். என்ன பண்ணலாம்?" சூரியத் தகடுகள் எந்தக் கோணத்தில் வெளிச்சத்தைத் தரைக்கு அனுப்புகின்றன என்று இருவரும் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் தகடுகளைத் திருப்பி வைத்தது.

அதற்குள் மேடம் மருத்துவமனையில். புது அளவீட்டின் முடிவு தெரியும்வரை இருப்பாரா என்று நாங்கள் தவித்த தவிப்பு! வந்தது முடிவு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல்! ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மறுபடி எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு மேடம். அதேதான்."

"அப்பாடா" என்று கண்ணை மூடினார். எங்களுக்கு உயிரே போய்விட்டது! உடனே திறந்து, "பயப்படாதீங்க, தூங்கத்தான் போறேன்" என்றார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டார். சில நாள் கழித்து, வலியில்லாமல், மனக்குறையும் இல்லாமல் மேடம் விடைபெற்றார்.

தோழர்களே, செயற்கைக்கோள்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் மேலே போகப்போகின்றன. எல்லாவற்றையும் அளப்போம். யாருக்குச் சாதகமாக வந்தாலும் வந்ததை வந்தபடியே சொல்வோம். இது உறுதி!

வெளியே பாருங்கள், வானம் தெளிந்திருக்கிறது. அந்தி நெருங்குகிறது. தொலைநோக்கியைத் திறக்க வேண்டும். என் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். வர விரும்புகிறவர்கள் மாடிக்கு வாருங்கள்!