சீக்கிரம் திறந்துவிடுகிற கதவுகள்

காதல் நாவல் படிக்கும் ஆண்பிள்ளையைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. அதுவும் ஐம்பது தாண்டியவன், நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டியவன் படித்தால் கேட்கவே வேண்டாம். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம் மேடம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் ஆட்கள் என் மோட்டார் அறையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்கள் எல்லாம் என்னுடையவைதான். முதலில் என் மனைவியுடையவை. அவள் தன் தங்கை வீட்டுக்குப் போனபோது துணிமணியை எடுத்துக்கொண்டாள், புத்தகங்களைக் கட்டிலுக்கடியிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவள் அப்படி விட்டுப் போவாளா?

சனிக்கிழமை லிஃப்ட் பழுதானதா என்று கேட்டீர்கள். பழுதெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணும் அந்தத் தம்பியும் உள்ளே இருக்கும்போது நான்தான் நிறுத்தினேன். இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் ஏன் என்று புரிய வேண்டுமென்றால் இந்தப் புத்தகங்களிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த நாவல்களில் வரும் கதாநாயகன்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பெரிய கம்பெனி முதலாளி என்பார்கள், முந்நூறு பக்கத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காக ஆபீஸ் போக மாட்டான். கோபம் மூக்குக்கு மேல் வரும். சுவரைக் குத்துவான், கண்ணாடியை உடைப்பான், அந்தக் கைக்குக் கட்டுப்போட நாயகி ஓடி வர வேண்டும். அவள் அவனுக்கு மேல். தும்மினால் மயக்கம். அவனோடு வேறொருத்தி நின்று பேசுவதைத் தூரத்தில் பார்த்துவிட்டால் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிவிடுவாள். பார்த்தால் அது அவன் கூடப்பிறந்த தங்கையாக இருக்கும். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும், கேட்க மாட்டாள். நான் எத்தனையோ முறை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாயைத் திறந்து சொல்லேம்மா, பத்துப் பக்கத்துல கதை முடிஞ்சிடும்ல" என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

என் பெரிய குறை அதுதான். கோபக்காரனை மன்னித்துவிடலாம். குடிகாரனைக்கூட இருபதாம் அத்தியாயத்தில் திருத்திவிடுகிறார்கள். மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் பிகு பண்ணிக்கொண்டு திரிகிற பெண்ணை மட்டும் என்னால் சகிக்க முடிவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. சண்டை போட்டுக்கொண்ட இருவரை எழுத்தாளர்கள் எங்காவது ஓர் இடத்தில் அடைத்துவிடுவார்கள். மழைக்கு ஒதுங்கிய குடிசை, பழைய சாமான் அறை, இல்லையென்றால் லிஃப்ட். லிஃப்ட் வருகிற பக்கங்களை நான் தொழில்காரனின் கண்ணோடு படிப்பேன். எழுதுகிறவர்களுக்கு லிஃப்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆடுகிறது என்பார்கள், கயிறு அறுகிறது என்பார்கள். அதையும் விட்டுவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு. அவள் மெல்ல இளகுகிறாள், உதடு துடிக்கிறது, சொல்லிவிடப் போகிறாள், அந்த நேரம் பார்த்து எவனாவது வந்து கதவைத் திறந்துவிடுவான். இரண்டே பக்கம்தான். அப்புறம் இன்னும் நூறு பக்கத்துக்குப் பழைய பிணக்கு. அந்தக் கதவை மட்டும் திறக்காமல் விட்டிருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று தோன்றும்.

எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி, ஒரே ஒரு லிஃப்ட், அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மொட்டைமாடியில் மோட்டார் அறை. இரும்புக் கதவு, ஒரு மேசை விசிறி, எண்ணெய் வாடை. அங்கே உட்கார்ந்து படிப்பதுபோல் சுகம் வேறெங்கும் கிடைக்காது. தரையில் லிஃப்ட் கயிறு இறங்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியே கீழே பேசுகிற பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மேலே வரும். யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யாருக்கு யார் மேல் கண் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆறாவது மாடியில் வீட்டுக்குப் பிளான் போடுகிற ஆபீஸ். அந்தப் பெண் அங்கேதான் வேலை பார்த்தாள். எப்போதும் கையில் பிளானைச் சுருட்டி வைக்கிற நீளமான படக்குழல் ஒன்று இருக்கும். என்னை லிஃப்ட் அண்ணா என்று கூப்பிடுவாள். நான் படிக்கிற புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை டாக்டரா, முதலாளியா அண்ணா?" என்று கேட்பாள். கேலிதான், ஆனால் குத்தல் இருக்காது. கட்டடம் முழுவதிலும் என்னை மனுஷனாக மதித்து நாலு வார்த்தை பேசியது அவள் ஒருத்திதான். அவள் மேல் எனக்கு நிஜமாகவே பாசம் இருந்தது மேடம்.

தம்பி ஐந்தாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீஸ். மடிப்புக் கலையாத சட்டை, கணீரென்ற குரல். ஆரம்பத்தில் இருவரும் ஒன்றாக இறங்குவார்கள், சிரிப்புச் சத்தம் ஓட்டை வழியாக எனக்கே கேட்கும். எதிர்க்கடையில் ஒன்றாக டீ குடித்ததையும் பார்த்திருக்கிறேன். பிறகு என்னவோ ஆனது. அவள் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். அவன் கீழே தூணோரம் காத்துக்கொண்டு நின்றான். அவள் ஆறு மாடியையும் படியிலேயே இறங்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் அவனைத் தாண்டிப் போய்விட்டாள் என்று அவன் லிஃப்ட் கதவை உதைத்த உதையில் தகடு நெளிந்தது. நான்தான் தட்டிச் சரிசெய்தேன். சுவரைக் குத்துகிற ரகம் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்த வாரமே அவள் என்னைத் தேடி மேலே வந்தாள். கீழேயிருந்து படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணா, ஒரு உதவி. அந்த இன்சூரன்ஸ்காரர் லிஃப்ட்ல இருந்தா எனக்குச் சொல்லிடுங்க. எனக்கு அவரைப் பிடிக்கலன்னு சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கறார். எனக்கு அவரைப் பாத்தா பயமா இருக்கு."

சரிம்மா என்றேன். பயம் என்கிற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லா நாவலிலும் பாதியில் அந்தச் சொல் வந்துவிடும். நாயகி யாருக்குப் பயப்படுகிறாள்? அவனுக்கா? தன் மனசுக்குத்தான் பயப்படுகிறாள். பிடிக்கவில்லை என்பதும் அப்படியே. பிடிக்காதவனுக்காக எவளாவது ஆறு மாடி ஏறி இறங்குவாளா? நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். பரவாயில்லை, முதல் சில அத்தியாயங்களில் எல்லோரும் அப்படித்தான் சுளிப்பார்கள்.

தம்பியிடமும் பேசிப் பார்த்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. "அவ என்கூட அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசினா போதும் சார்" என்றான். ஐந்து நிமிஷம் எந்த மூலைக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அதில் அனுபவம் உண்டு. என் மனைவி ஒருநாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைக்காமலே, "எனக்கு உங்ககூட வாழப் பிடிக்கல" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அப்படிச் சொன்னால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது வெளியே வரட்டும் என்று அவளைப் படுக்கையறையில் விட்டுக் கதவைப் பூட்டினேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வேலைக்குக்கூடப் போகவில்லை. முதலில் தட்டினாள், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு சத்தம் நின்றது. மறுநாள் மனசு கேட்காமல் திறந்தேன். வெளியே வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள், பெட்டியைக் கட்டினாள், போய்விட்டாள். எங்கே தவறினேன் என்று வெகுநாள் யோசித்தேன். அவள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்த பிறகுதான் புரிந்தது. சீக்கிரம் திறந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு ஆபீஸ்கள் மூடிவிடும். அந்தப் பெண் மட்டும் ஏதோ படத்தை முடிக்க வேண்டுமென்று தங்கியிருந்தாள். காவல்காரருக்குப் பல்வலி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். ஆறாவது மாடியில் கீழே இறங்கும் படிக்கட்டுக் கதவைப் பூட்டி, பெயிண்ட் வேலை என்று அட்டை மாட்டினேன். தம்பியை ஐந்தாவது மாடியில் லிஃப்ட் வாசலில் நிற்கச் சொன்னேன். மோட்டார் அறைக்குப் போய் அபாயமணியின் வயரைக் கழற்றிவிட்டேன். மணி அலறினால் யார்தான் மனம்விட்டுப் பேச முடியும்? லிஃப்டுக்குள் செல்போன் எடுக்காது, அது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே சின்ன பேட்டரி விளக்கை மட்டும் எரிய விட்டேன்.

அவள் படக்குழலோடு வெளியே வந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அவர் போயிட்டாரா அண்ணா?"

"அப்பவே போயாச்சும்மா. நான்தான் பாத்தேனே."

"நீங்க சொன்னா சரி" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். எங்கள் லிஃப்ட் கிழடு, கதவு மூடுவதற்கே யோசிக்கும். நான் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது மாடியில் அவன் ஏறிக் கதவு மூடியிருந்தது. நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் வரும்போது மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அன்றைக்குப் படிப்பதற்கென்று புதுப் புத்தகம் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். டாக்டர் கதை. எழுத்தாளர்கள் கொடுப்பதுபோல் இரண்டு பக்கம் அல்ல, அவர்களுக்கு ஒரு முழு நாவல் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். "லிஃப்ட் அண்ணா, நின்னுடுச்சு, கொஞ்சம் பாருங்க" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். பிறகு, "அண்ணா, அவர் உள்ள இருக்கார்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் மனிதன் நடுவில் பேசினால் எல்லாம் கெட்டுவிடும். இருவர் அந்தரங்கமாகப் பேசுவதை ஒட்டுக்கேட்பதும் மரியாதை இல்லை. அதனால் கயிற்று ஓட்டையில் ஒரு பழைய சாக்கை அடைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், சாக்கை எடுத்தேன். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் எடுத்துக் காது கொடுத்தேன். எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? முதலில் அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை கத்திக்கொண்டிருந்தான். அதற்கடுத்த தடவை ஏதோ மோதுகிற சத்தம், அவள் என்னைக் கூப்பிடுகிற சத்தம். நாயகி கத்துகிற பக்கம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. கத்தலுக்குப் பின் அழுகை, அழுகைக்குப் பின் அமைதி. அமைதி வரட்டும் என்று நான் காத்திருந்தேன்.

டாக்டர் கதையில் இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கும்போது அமைதி வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கையால் ஒரு நல்ல காரியம் நடந்ததே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இருந்தாலும் பழைய தப்பை மறுபடி செய்யக்கூடாது என்று கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்.

நான் படிக்கட்டுக் கதவின் பூட்டைத் திறந்து கீழே இறங்கிப் போனபோது அவன் வெளியே வந்து நின்றிருந்தான். முகத்தில் நகக்கீறல். "அவ பேசவே மாட்டேன்னுட்டா சார்" என்றான். அவ்வளவுதான், தெருவில் இறங்கிப் போய்விட்டான். அவனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அவனும் பாவம், அவசரப்பட்டுவிட்டான்.

அவள் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பையின் வார் கழுத்தில் இறுக்கமாக இருந்தது. தளர்த்திவிட்டேன். தளர்த்தி இனி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தது, ஆனாலும் அப்படியே விட மனம் வரவில்லை. ஒரு செருப்பு கழன்று கிடந்தது, அதை எடுத்துக் காலில் மாட்டினேன். படக்குழல் நசுங்கியிருந்தது. அதைக் கொண்டுபோய் ஆறாவது மாடியில் அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்து உங்களுக்குப் போன் செய்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டைப் பூட்டியது நான். மணியைக் கழற்றியது நான். அவன் போய்விட்டான் என்று பொய் சொன்னது நான். லிஃப்டை நிறுத்தியதும் நான்தான், கூப்பிடக் கூப்பிடத் திறக்காமல் இருந்ததும் நான்தான். தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கதை கெட்டது என்னால் மட்டும் என்று எழுதாதீர்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டோமா என்றுதான் ஒவ்வொரு தடவையும் சாக்கை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாகக் காதை வைத்துப் படுத்திருந்தேன். கடைசிவரை அவள் வேண்டாம், வேண்டாம் என்றாளே தவிர, மனதில் இருப்பதை ஒரு தடவைகூட வெளிப்படையாகச் சொல்லவில்லை.