வேலிப் பலகையும் இரண்டு மைல் சாலையும்

என் பெயர் பெர்னிஸ் ஹேவர்காம்ப். வயது 82. காலஞ்சென்ற கிளெமென்ட் ஹேவர்காம்பின் மனைவி. ஒஹாயோ மாநிலம், ஃபாக்ஸ் ஹாலோ குடியிருப்பில் 14ஆம் எண் வீட்டில் முப்பத்தொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர். படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். காரை நானே ஓட்டுகிறேன்.

இறந்துபோன ஓபல் ஸ்டிடம், வயது 77, என் பக்கத்து வீட்டுக்காரர். கண் பரிசோதனையில் தேறாததால் சென்ற மார்ச்சில் அவருடைய ஓட்டுநர் உரிமம் ரத்தானது. அதன்பின் அவர் எங்கள் பின்வேலியில் பலகை ஒன்று விழுந்திருந்த இடைவெளி வழியாக அப்பாலுள்ள கடைக்கு நடந்து போய் வந்தார். அவர் வீட்டிலிருந்து அது இருநூறு தப்படிகூட இல்லை.

அதன்பின் ஜூன் மாதக் கூட்டத்தில், வேலி முழுமையாக இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, அந்த இடைவெளியை அடைக்கும் தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். அந்நியர் யாரும் அவ்வழியே வந்ததில்லை. பார்வைக்கு நன்றாக இல்லை என்பதே என் குறை. பலகை அடித்த அன்று ஓபல் என் வாசலில் நின்று, “ஏன் பெர்னிஸ், கன்னியாஸ்திரிங்க உனக்கு ஆணி அடிக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா? இனிமே மோர் வாங்க நான் என்ன பறந்தா போறது?” என்று கேட்டார். அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சாலை வழியே அதே கடை இரண்டு மைல். ஆறு தடச் சாலை, நடைபாதை கிடையாது.

இம்மாதம் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஓபல் துணிப்பையுடன் என் சமையலறை ஜன்னலைக் கடந்து சாலைப் பக்கம் போனதைப் பார்த்தேன். கார்ச் சாவி என் கையருகே இருந்தது. அவராக வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அதன்பின் பதினொன்றேகாலுக்கு நானும் அதே கடைக்குக் கிளம்பி, பாலத்தருகே வண்டிகள் நின்றிருந்ததால் இறங்கிப் பார்த்தபோது, ஓபல் சாலையோரப் புல்லில் கிடந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. பையில் மோர் அட்டைப்பெட்டி கசங்காமல் இருந்தது. அவர்மேல் மோதிய காரை ஓட்டிய இளைஞர் தரையில் உட்கார்ந்து, “இங்க யாரும் நடக்கவே மாட்டாங்கம்மா. எங்கேர்ந்து வந்தாங்கன்னே தெரியல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கிருந்து என்பது எனக்குத் தெரியும்.

வேலி விஷயம் வழக்குக்கு வேண்டாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதிய காவல் அதிகாரி சொன்னார். “அந்தப் பையன் ஒரு நொடியில செஞ்சத எழுதிட்டீங்க. நான் கூட்டம் போட்டுச் செஞ்சதையும் எழுதுங்க” என்றேன். அதன்பின் எழுதினார்.

அடக்கத்திற்கு மறுநாள், பலகையை எடுத்துவிடும்படி சங்கத் தலைவரைக் கேட்டேன். முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றார். அந்த விதியை எழுதியது நான். பலகை இன்னும் இருக்கிறது.

இதை எனக்குப் படித்துக் காட்டி, கையிலும் கொடுத்தார்கள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

(ஒப்பம்) பெர்னிஸ் ஹேவர்காம்ப்