மூன்று நாள் ஆல்பம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் நாணு சேட்டன் அவர்களே, மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் கடைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் புகைப்படக் கலைஞர்களே, கொச்சங்காடியிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாயம்மாள் அக்கா, உங்கள் மகள் செல்வலட்சுமி, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒளிப்பட வித்தகர் இசக்கிராஜா அண்ணாச்சி போய்விட்டார்! பன்னிரண்டு ஆண்டுகள் அவருடைய ஸ்டுடியோவில் கூட்டாளியாக இருந்தவள் நான், திரிபுரசுந்தரி. அவரைப் புகழத்தான் வந்தேன். ஆனால் மூன்று ஆண்டுகளாக அவர் பெயரில் ஒரு பழி கிடக்கிறது. அதை எடுக்காமல் அவருக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாண ஆல்பத்தை ஒட்டும் முன் அண்ணாச்சி என்ன செய்வார்? சின்னச் சின்னப் பிரிண்டுகளோடு பெண் வீட்டுக்குப் போவார். சாயா குடித்துக்கொண்டே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்பார். கடைசியில், "இதுல யாரை விட்டா இந்த வீட்டுல சங்கடம் வரும்?" என்று கேட்பார். பாதி நாள் அதிலேயே போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

2004இல் நமக்கொரு வெப்சைட் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். அவர் மறுத்தாரா? இல்லை! ஆலுவாவிலிருந்தும் துபாயிலிருந்தும் மின்னஞ்சல் வந்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் மகிழ்ந்தார். எனக்கோ அது போதவில்லை. அவரைக் கேட்காமலே முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டேன்: "மூன்றே நாளில் ஆல்பம்." கூட்டம் குவிந்தது. பெயர் கேட்கப் போகும் வழக்கம் நின்றது.

2006இல் செல்வலட்சுமியின் கல்யாணம். அப்பா ராசப்பன், மாநகராட்சியில் வேலை பார்த்தவர், பின்னறையில் படுத்த படுக்கையாக இருந்தார். மணமக்கள் அவர் காலில் விழுந்தார்கள். அண்ணாச்சி நாலு படம் எடுத்தார். அந்த நாலு படமும் ஆல்பத்தில் இல்லை. அடுத்த மாதம் ராசப்பன் காலமானார். வீட்டார் அந்தப் படம் கேட்டு வந்தபோது கம்ப்யூட்டரிலும் இல்லை!

அண்ணாச்சி கொச்சங்காடிக்குப் போய் வாசலில் நின்றார். கூட நானும் நின்றேன். "எங் கைப்பிழை, தாயி. நான்தான் அழிச்சுட்டேன்" என்றார். அக்கா, நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "எந்திரிக்க முடியாத மனுசன் ஒங்க கேமராவைப் பார்த்து கையெடுத்துக் கும்பிட்டாரே, அதுகூட ஒங்களுக்கு வேண்டாமப் போச்சா?" அதற்குப் பிறகு கொச்சங்காடியில் ஒரு வீடும் அவரைக் கூப்பிடவில்லை. சாகும்வரை கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில், வெப்சைட்டையே மூடிவிடலாம் என்றேன். "அது என்ன செஞ்சுது? கல்யாண வீட்டை நாலு பேருக்குக் காட்டுச்சு. அந்த மூணு நாளு வரியை மட்டும் எடு" என்றார். ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, அண்ணாச்சி?

சபையோரே, அந்தப் படங்களை அழித்தது அவர் கை அல்ல. என் கை! மூன்றாம் நாள் கெடு நெருங்கியது, கம்ப்யூட்டரில் இடமில்லை. படத்தில் இருட்டான பின்னறை, கிழிந்த போர்வை, மெலிந்த முகம். வெப்சைட்டில் போட அழகாக இல்லை என்று நான்தான் அழித்தேன். யாரென்று கேட்கவில்லை. கடையின் பெயர் கெடாமலிருக்கப் பேசாமலிருந்தேன். அவருடைய பெயர் கெட்டது.

ஸ்டுடியோ நாளை திறக்கும். வெப்சைட்டும் இருக்கும். ஆனால் பெண் வீட்டுக்குப் போய்ப் பெயர் கேட்காமல் ஓர் ஆல்பமும் இனி ஒட்டப்படாது. இது அண்ணாச்சியின் மேல் ஆணை.

செல்வலட்சுமி, உன் அப்பாவின் முகத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நாளைக் காலை உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். இந்த முறை தனியாக. கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம், அம்மா.